விரலியில் மறைந்திருக்கும் கோப்புறைகள்

சுபாங் ஜெயா எஸ்.எஸ். 15 வட்டாரத்தில் கல்லூரிகளைச் சுற்றி அச்செடுக்கும் கடைகள் நிறைய உண்டு. அங்குள்ள கணினிகளில் நாள் முழுவதும் யார் யாருடைய விரலிகளோ செருகப்படுகின்றன. பென் டிரைவைத்தான் விரலி என்கிறோம். செஜாரா இடுபணியை அச்செடுக்க நீங்களும் அப்படி ஒரு கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விரலியைத் திறந்தால் ‘செஜாரா’, ‘கணிதம்’, ‘படங்கள்’ என எல்லாக் கோப்புறைகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி. அளவோ 1 அல்லது 2 கிலோபைட். “வைரஸ் ஏறிடுச்சு தம்பி, ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்” என்கிறார் பக்கத்தில் நிற்பவர்.

பண்ணிவிடாதீர்கள். முதலில் விரலியின் சின்னத்தை வலச்சொடுக்கி, ‘பிராப்பர்டீஸ்’ என்பதைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற கோப்புகள் எல்லாம் சேர்ந்து சில கிலோபைட்தான். பயன்படுத்தப்பட்ட இடம் மட்டும் 3 கிகாபைட் என்று காட்டினால், அந்த 3 கிகாபைட் எங்கிருந்து வந்தது? அதுதான் உங்கள் இடுபணி. அது அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது. மறைப்பதும் அழிப்பதும் கணினிக்கு முற்றிலும் வேறு வேறு வேலைகள்.

32 கிகாபைட்டும் அதற்குக் குறைவும் உள்ள விரலிகள் பெரும்பாலும் ‘ஃபேட்32’ என்ற முறையில் கோப்புகளை அடுக்கி வைக்கின்றன. வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போல அதில் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் 32 பைட் இடம். முதல் 11 பைட்டில் பெயர் (நீளமான பெயர் என்றால் கூடுதல் பதிவுகள் சேரும்). 12ஆவது பைட்டில் அந்தக் கோப்பின் தன்மைகள் பதிவாகின்றன. அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பொருள்: படிக்க மட்டும் என்றால் 1, மறைந்தது என்றால் 2, இயங்குதளத்துக்கு உரியது என்றால் 4, கோப்புறை என்றால் 16. படிவம் 4 கணிதத்தில் எண் அடிமானம் படித்தவர்களுக்கு இது எளிது. சாதாரணக் கோப்புறையின் எண் 16, அதாவது இரண்டின் அடிமானத்தில் 10000. அதை மறைத்து, இயங்குதளத்தின் சொத்து என்றும் முத்திரை குத்தினால் 16 + 4 + 2 = 22, அதாவது 10110. இரண்டே பிட்கள் மாறின. உள்ளே இருக்கும் கட்டுரை, படம் எதையும் யாரும் தொடவில்லை.

அழிக்கும்போது நடப்பது வேறு. பதிவின் முதல் பைட்டில் 229 என்ற எண் எழுதப்படும். ‘இந்த இடம் காலி, வேறு எவரும் பயன்படுத்தலாம்’ என்பது அதன் பொருள். கோப்பின் உள்ளடக்கம் மேலெழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும் என்றாலும் மீட்பது கடினமாகிவிடுகிறது. ஃபார்மட் செய்தால் பட்டியலே போய்விடும். இரண்டு பிட்டைத் திருப்பினால் தீர்ந்துவிடும் சிக்கலுக்குப் பதிவேட்டையே எரிப்பானேன்?

சரி, மறைந்திருப்பதெல்லாம் தீயதா? இல்லை. உங்கள் விரலியில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற கோப்புறை அநேகமாக இப்போதே இருக்கும். அதை உருவாக்குவது விண்டோஸ். விரலியில் அதற்குள் வழக்கமாக இரண்டு சிறு கோப்புகள் இருக்கும். ஒன்றின் அளவு 12 பைட், மற்றொன்று 76 பைட். இந்த 76 ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேடல் வசதிக்காக விண்டோஸ் உங்கள் விரலிக்கு ஓர் அடையாள எண் கொடுக்கிறது. அதில் 32 எண்ணெழுத்துகள், 4 சிறுகோடுகள், தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அடைப்புக்குறி. மொத்தம் 38 குறிகள். ஒரு குறிக்கு 2 பைட் வீதம் 76. விரலிக்கும் ஓர் அடையாள அட்டை எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நீக்கினால் இடம் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். 32 கிகாபைட் விரலியை விண்டோஸ் வழக்கமான முறையில் ஃபார்மட் செய்தால், இடத்தை 16 கிலோபைட் அறைகளாகப் பிரிக்கும். 12 பைட் கோப்பானாலும் ஓர் அறை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தாலும் இரண்டு கோப்புக்கும் சேர்த்து 32 கிலோபைட்தான் போகிறது. ஒரு படத்துக்குக்கூடப் போதாது. நீக்கினாலும் அடுத்த முறை விண்டோஸ் கணினியில் செருகியதும் திரும்ப வந்து நிற்கும். விட்டுவிடுங்கள்.

பலர் இந்தப் பெயரை முதலில் பார்ப்பது கணினியில் அல்ல; வீட்டுத் தொலைக்காட்சியிலோ, கார் வானொலியிலோ, கோயில் விழாவில் பாட்டுப் போடும் ஒலிபெருக்கிப் பெட்டியிலோதான். அந்தக் கருவிகளில் பல, மறைப்புக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. இருப்பதை எல்லாம் காட்டிவிடும். பார்ப்பவர் பயந்துபோகிறார்.

ஆப்பிள் மேக் கணினியில் செருகிய விரலியில், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு சில கோப்புறைகள் சேர்ந்திருக்கும். அவையும் தீங்கற்றவை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பெயரின் முன்னால் புள்ளி வைத்தாலே மறைந்ததாகக் கொள்வார்கள். வெளிப்புற வன்தட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது டாலர் குறியில் தொடங்கும் ‘ரீசைக்கிள் பின்’. வன்தட்டில் நீங்கள் நீக்கியவை அங்கே போய்க் குவிகின்றன. படங்களை நீக்கிய பிறகும் இடம் காலியாகவில்லை என்றால், கணினித் திரையிலுள்ள குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் போதும். விரலியில் இந்த வசதி வழக்கமாகக் கிடையாது; நீக்கினால் நீக்கியதுதான்.

மறைப்புக் குறி யார் வேண்டுமானாலும் வைக்கக்கூடியது. நச்சுநிரல் எழுதுவோர் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு காலத்தில் விரலியைச் செருகியதும் விண்டோஸ் அதிலுள்ள ‘ஆட்டோரன்’ என்ற சிறு கோப்பைப் படித்து, அது சொன்னபடி நடக்கும். குறுந்தட்டுகளுக்காக வந்த வசதி அது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் என்ற புழுவின் பிந்தைய வடிவம், விரலியில் இப்படி ஒரு கோப்பை மறைத்து வைத்தது. செருகியதும் வரும் பெட்டியில் ‘கோப்புகளைப் பார்க்கத் திற’ என்ற ஒரு வரி, கோப்புறைப் படத்தோடு தெரியும். உண்மையான வரியும் அதே பெட்டியில் சற்றுக் கீழே இருக்கும். மேலே உள்ளதைச் சொடுக்கியவர் புழுவைத் தம் கையாலேயே ஓடவிட்டார். 2009இல் வந்த விண்டோஸ் 7, விரலிகளுக்கு இந்தத் தானியங்கும் வசதியை நிறுத்தியது. பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதே திருத்தத்தைப் பரவலாக அனுப்பியது.

அந்தக் கதவு அடைபட்ட பிறகு, உங்களைச் சொடுக்க வைப்பது ஒன்றுதான் பரவ எளிய வழி. அச்சுக்கடை விரலியில் நீங்கள் பார்த்த வளைந்த அம்புக்குறிகள் அந்த வேலைக்காகத்தான். புழு உங்கள் உண்மையான கோப்புறைகளின் எண்ணை 22 ஆக்கி மறைத்துவிட்டு, அதே பெயர்களில் குறுக்குவழிகளை, அதாவது ஷார்ட்கட்களை வைக்கிறது. நீங்கள் ஒன்றைச் சொடுக்கினால் முதலில் புழு ஓடும். அடுத்த நொடியே உண்மையான கோப்புறையும் திறக்கும். எல்லாம் வழக்கம்போல் இருப்பதால் சந்தேகம் வராது. சில வகைகள் இன்னும் தந்திரமானவை. பெயரே இல்லாதது போன்ற ஒரு கோப்புறையை உருவாக்கி, அனைத்தையும் அதற்குள் தள்ளிவிடும். அதற்கும் பெயர் உண்டு: 160 என்ற குறியீட்டு எண் கொண்ட ஒரு வெற்றிடக் குறி. கண்ணுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

மீட்பதற்கு வருவோம். குறுக்குவழிகளைச் சொடுக்காதீர்கள். நச்சுநிரல் தடுப்பு புதுப்பிக்கப்பட்ட ஒரு கணினியில் விரலியைச் செருகி, முழுச் சோதனை செய்யுங்கள். புழு அகன்றாலும் கோப்புறைகள் தானாகத் திரும்பி வரமாட்டா. கோப்பு உலாவியின் ‘வியூ’ பட்டியில் மறைந்தவற்றைக் காட்டும் தேர்வு உண்டு. அதை இயக்கினாலும் தெரியாமல் போகலாம். காரணம், 2 மட்டுமல்ல, 4 என்ற பிட்டும் போடப்பட்டிருக்கிறது. கோப்புறை விருப்பங்களில் ‘பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை’ என்ற பொருளில் இன்னொரு வரி இருக்கும். அந்தக் குறியையும் எடுங்கள். இப்போது கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். பிராப்பர்டீஸ் போய் மறைப்பை நீக்கப் பார்த்தால் அந்தக் கட்டம் சொடுக்க முடியாதபடி இருக்கும். அதற்கும் அதே 4தான் காரணம்.

எனவே கட்டளைச் சாளரத்துக்குத்தான் போக வேண்டும். விண்டோஸ் தேடலில் சி-எம்-டி என்று தட்டினால் அது கிடைக்கும். விரலியின் எழுத்தையும் (‘இ’ என்று கொள்வோம்) முக்காற்புள்ளியையும் தட்டி ‘என்டர்’ அழுத்துங்கள். பிறகு ஏ-டி-டி-ஆர்-ஐ-பி என்ற சொல், இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி எச், இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி எஸ், இடைவெளி, கடைசியில் உங்கள் கோப்புறையின் பெயர். பெயருக்குள் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோள்களுக்குள் இடுங்கள். எச்சையும் எஸ்சையும் ஒன்றாகவே நீக்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் விண்டோஸ் மறுத்துவிடும். கட்டளை ஓடியதும் 22 மறுபடியும் 16 ஆகிறது. கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்துவிட்டுப் பிறகு வேண்டுமானால் விரலியை ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அன்றைக்கே டெலிமா கணக்கில் உள்ள உங்கள் கூகல் டிரைவிலும் ஒரு நகல் ஏற்றிவிடலாம். அச்சுக்கடைக்கு முழு விரலியையும் கொண்டுபோகாமல், அச்செடுக்க வேண்டிய ஒரே கோப்பை மட்டும் வெற்று விரலியில் எடுத்துப் போவது என் சிபாரிசு.

இதுவரை பார்த்தவை அனைத்தும் நினைவகச் சில்லில் எழுதப்படுபவை. விரலிக்குள் அதை ஆட்டிவைக்கும் இன்னொரு சில்லும் இருக்கிறது. கட்டுப்படுத்திச் சில்லு என்பார்கள். இங்கே நம் ஊர்ப் பெயர் ஒன்று வருகிறது. நெல்வயலுக்குப் பேர்போன செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், தைவானில் படித்து, 2000இல் அங்கேயே நண்பர்களுடன் ஃபிசான் நிறுவனத்தைத் தொடங்கினார். விரலியைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிய முன்னோடிகளில் அந்நிறுவனமும் ஒன்று. விரலியை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பது தனிச் சர்ச்சை. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ என்ற பெயரில் 2000இலேயே விற்பனைக்கு வந்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் உரிமை கோரியது.

அந்தச் சில்லுக்கென்று சொந்தமாக ஒரு நிரல் உண்டு. பழுதான அறைகளை ஒதுக்குவதும் எந்த அறையில் எதை எழுதுவது என்று முடிவெடுப்பதும் அதுதான். விண்டோஸுக்கு அது தெரியாது. ஃபார்மட் செய்தாலும் அப்படியே இருக்கும். 2014இல் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில், ஜெர்மானிய ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாக்கப் லெல்லும் இந்த நிரலை மாற்றி எழுதிக் காட்டினார்கள். செருகிய விரலி தன்னை ஒரு விசைப்பலகை என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, கட்டளைகளைத் தானே தட்டத் தொடங்கியது. கணினியும் அதை நம்பியது.