தாயே கடிகாரம்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் வயல்வரப்புகளை உற்று நோக்குவோர் சிறு வளைகளைக் காண்பர். அவற்றுள் வாழ்வது வயற்சுண்டெலி. தமிழகமெங்கும் உழவர் பகையெனக் கருதும் இவ்வெலி, அறிவியலுக்கு அரியதோர் உண்மையை உணர்த்தியுள்ளது.

உயிர்களின் உடலுள் இரவு பகலை அளந்தறியும் கடிகாரம் ஒன்று உண்டு. கண் திறவாத குட்டி அதனை எவ்வாறு திருத்திக்கொள்ளும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் என். விசுவநாதனும் இதனை ஆராய்ந்தனர். வயற்சுண்டெலிகளைக் கூண்டில் வளர்த்தனர். அவை ஈன்ற குட்டிகளை இரவு பகல் வேறுபாடு புலப்படாத அறையில் வைத்தனர். நாள்தோறும் தாயை 12 மணிநேரம் குட்டிகளுடன் இருக்கவிட்டு, 12 மணிநேரம் பிரித்தனர். தாயைவிட்டுத் தனித்து வாழத் தொடங்கிய பின்னரும் குட்டிகள், தாய் உடனிருந்த பொழுதைப் பகலாகவும் பிரிந்திருந்த பொழுதை இரவாகவும் கொண்டன. இம்முடிவு 1985-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

இதற்குக் காரணம் யாது? இரவில் இரைதேடச் செல்லும் தாய், பகலில் வளையினுள் தங்கிக் குட்டிகளுக்குப் பாலூட்டும். கதிரொளி புகாத அவ்வளையில் தாயின் வரவே விடியல்; அவள் பிரிவே அந்தி. சிற்றுயிரென்று எதனையும் இகழாது உற்று நோக்குவார்க்கே இயற்கை தன் மறைபொருளை உரைக்கும்.