ஊர் தெரிந்து விண்ணப்பியுங்கள்

வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு மாதம் தங்கி, ஓவியம் வரையவோ நாவல் எழுதவோ இடம் தருகிறோம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையில் அன்றிரவே படிவத்தைத் திறந்து நிரப்ப உட்காராதீர்கள். முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: ரெசிடென்சி எனப்படும் அந்தத் தங்கல் திட்டம் உங்களைத் தனியே விடுமா, ஊரோடு சேர்த்துவிடுமா? கிராமப்புற ரெசிடென்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டின் படிவமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எழுத வேண்டிய பதில்தான் வேறு.

தனியே விடுவதற்குப் பேர்போனது அமெரிக்காவின் மெக்டவல். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பீட்டர்பரோ என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில், இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மரியனும் 1907இல் தொடங்கியது. ஆளுக்கொரு ஸ்டுடியோ, மரங்களுக்கு நடுவே, ஒன்று மற்றொன்றின் கண்ணில் படாத தூரத்தில். மதியச் சாப்பாடு கூடையில் வாசலுக்கு வரும். கொண்டு வருபவர் உங்களைத் தொந்தரவு செய்யாமல் வைத்துவிட்டுப் போவார். தங்குவதற்குக் கட்டணம் இல்லை. இங்கே தேர்வுக்குழு தேடுவது நல்ல கலையை மட்டும்தான். நீங்கள் அனுப்பும் படைப்பு மாதிரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். “அமெரிக்கக் கிராம வாழ்வை அறிய ஆவல்” என்றெல்லாம் இவர்களுக்கு எழுதுவது வீண்.

அயர்லாந்தின் மொனஹன் மாவட்டத்தில் ஏரிக்கரையில் இருக்கும் டைரோன் கத்ரி மையமும் இந்தப் பக்கம்தான். நாடக இயக்குநர் கத்ரி அரசுக்கு விட்டுச்சென்ற வீடு அது. 1981 முதல் கலைஞர்கள் தங்குகிறார்கள். பகல் முழுக்க உங்களுடையது, இரவுச் சாப்பாடு மட்டும் எல்லோரோடும் ஒரே மேசையில்.

ஊரோடு சேர்ப்பதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் ஜப்பானின் கமியாமாவைச் சொல்வேன். ஷிகோகு தீவில், தோகுஷிமா மாநிலத்து மலைகளுக்குள் இருக்கும் ஊர். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய், ஊரில் முதியவர்களே மிஞ்சிக்கொண்டிருந்த நிலையில், 1999இல் ஊர்க்காரர்களே முன்னின்று வெளிநாட்டுக் கலைஞர்களை அழைக்கத் தொடங்கினார்கள். கோடை முடியும் நேரத்தில் போய் இறங்குபவர் இலையுதிர் காலத்தில் கண்காட்சி வைத்துவிட்டுத் திரும்புவார். மரம் வேண்டுமென்றால் மரம் வெட்டுபவரிடமும், பட்டறை வேண்டுமென்றால் பட்டறைக்காரரிடமும் ஊர்க்காரர்களே அழைத்துப் போவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு “அமைதியான சூழலில் என் தொகுப்பை முடிக்க வேண்டும்” என்று எழுதினால், படிப்பவர் மரியாதையாக அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். அமைதிக்கு இந்த ஊரே எதற்கு?

சரி, கமியாமாவுக்கு என்ன எழுதலாம்? துணியில் வேலை செய்யும் ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோகுஷிமா நூற்றாண்டுகளாக நீலச்சாயத்துக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கே ஒருவகைச் செடியின் இலையைக் காயவைத்து, நனைத்து நனைத்துப் புரட்டி, ஏறக்குறைய நூறு நாள் மக்கவைத்துச் சாயப்பொருள் எடுக்கிறார்கள். திண்டிவனம் பக்கம் விளையும் அவுரி வேறு செடி. அதைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் படிவதை வடித்துக் கட்டியாக்குகிறார்கள். இரண்டு செடியிலிருந்தும் கிடைப்பது ஒரே நீலம்தான். “இரண்டு சாயத்தையும் ஒரே துணியில் ஏற்றிப் பார்க்கப் போகிறேன், அதற்குச் சாயக்காரர் ஒருவரோடு சில நாள் வேலை செய்ய வேண்டும், முடிவில் பள்ளிக்கூடத்தில் துணிகளைத் தொங்கவிடுவேன்” என்று நான்கு வரி போதும். ஏன் இந்த ஊர், யாருடைய உதவி வேண்டும், கடைசியில் கண்ணுக்கு என்ன தெரியும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் வந்துவிட்டது. பண்பாட்டுப் பாலம், எல்லை கடந்த உரையாடல் போன்ற சொற்களை வைத்துப் பக்கத்தை நிரப்புகிறவர்கள் இந்த மூன்றையும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். திட்டம் சிறியதாக இருந்தால் கேவலமில்லை. ஆறு வாரத்தில் ஆறு சுவரோவியம் என்று எழுதினால் நம்ப ஆளில்லை.

படைப்பு மாதிரிகளில் சிறந்ததை முதலில் வையுங்கள். குழுவினர் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள். முதல் இரண்டு படங்களில் நிற்காதவர் பத்தாவதில் நிற்கமாட்டார். கடந்த இரண்டு மூன்று ஆண்டு வேலையாக இருக்கட்டும். கல்லூரியில் பரிசு வாங்கிய ஓவியத்தின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். சிற்பம் என்றால் அளவு தெரியும்படி ஒரு படம் அவசியம். தமிழில் எழுதுபவர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புதான் பெரிய முட்டுக்கட்டை. கடைசி வாரத்தில் நண்பரைப் பிடித்துச் செய்யும் வேலையில்லை இது. நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் பத்துப் பதினைந்து பக்கம் செய்து வாங்கி வைத்துக்கொண்டால் பல விண்ணப்பங்களுக்கு உதவும். அவருக்குப் பணம் கொடுங்கள், பெயரையும் போடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் துரத்த வேண்டாம். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் போதும். மாதத்துக்கு முன்பே கேட்டு, திட்டத்தின் சுருக்கத்தையும் அவருக்கு அனுப்புங்கள். கடைசி நாள் நள்ளிரவு என்றால் எந்த ஊர் நள்ளிரவு என்று பாருங்கள். நியூயார்க் நேரம் என்றால் நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ஜப்பான் நேரம் என்றால் இரவு எட்டரைக்கே கதவு மூடிவிடும்.

எங்கே தேடுவது? ரெஸ் ஆர்டிஸ், டிரான்ஸ்ஆர்டிஸ்ட்ஸ் ஆகிய இரண்டு இணையதளங்களின் பட்டியல்களே போதும். விண்ணப்பிக்கவே முடியாத இடங்களும் உண்டு. இத்தாலியின் உம்ப்ரியாவில் பழைய கோட்டைக்குள் இருக்கும் சிவிதெல்லா ரனியேரியின் ஃபெல்லோஷிப்புக்கு அவர்களே ஆள்வைத்துப் பரிந்துரை கேட்டுத்தான் அழைப்பார்கள். அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பணம்தான் பலரும் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடும் விஷயம். விண்ணப்பக் கட்டணம் இருபது முப்பது டாலர் என்பது அமெரிக்காவில் சகஜம். தங்குவதற்கே மாதக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. ஃபின்லாந்துக் கிராமப்புறத்தில் உள்ள அர்தெலெஸ் அப்படித்தான். அதை மோசடி என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் கணக்கு வேறாகிவிடும். நான் தயங்குவது வேறு இடங்களில்: விண்ணப்பித்த இரண்டாம் நாளே தேர்வாகிவிட்டீர்கள் என்று சொல்லி, முழுத்தொகையையும் வார முடிவுக்குள் கட்டச் சொல்பவர்கள். தேர்வுக்குழுவில் யார் இருக்கிறார்கள், போன ஆண்டு யார் வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். விமானச் செலவுக்குத் தனியாகத்தான் தேட வேண்டியிருக்கும். பிரிட்டனுக்குப் போகும் இந்தியக் கலைஞர்கள் சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட்டை அணுகலாம்.

அயர்லாந்து, பிரிட்டன் போன்றவை தவிர, ஐரோப்பா என்றால் பெரும்பாலும் ஷெங்கன் விசா. அழைப்புக் கடிதத்தில் தேதிகள், தங்கும் முகவரி, எந்தச் செலவு யாருடையது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்கப்படாமல் திருத்தி வாங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்க முடியும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாத ரெசிடென்சி கிடைத்தால் கூட்டிப் பாருங்கள்: 92 நாள் வரும். இரண்டு நாள் முன்பே கிளம்புகிறேன் என்று அமைப்பாளரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

சம்மதம் எழுதும் முன் இன்னும் சில கேள்விகள் பாக்கி. பக்கத்துக் கடை எவ்வளவு தூரம்? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? மழையில் நனைந்து சைக்கிள் மிதிக்க வேண்டுமா? ஸ்டுடியோவில் ஹீட்டர் உண்டா? சமைப்பது யார்? சைவம் என்றால் அதையும் இவற்றைக் கேட்டு எழுதும் கடிதத்திலேயே விளக்கிச் சொல்லுங்கள், குறிப்பாக ஜப்பானுக்கு. அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். சமைத்தவர் அதைச் சைவம் என்றே நம்பிப் பரிமாறுவார்.