ஓர் எண் உணர்த்திய உண்மை

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 3, 5, 17 என்பன அத்தகையன. 15 என்பதோ 3-ஆலும் 5-ஆலும் வகுபடுதலின் பகு எண் ஆகும். சிறிய எண்களில் இவ்வியல்பை நொடிப்பொழுதில் அறியலாம். எண் பெருகப் பெருக அறிதலும் அரிதாகும். இதனை 4,29,49,67,297 என்னும் எண்ணின் வரலாறு நன்கு விளக்கும்.

பிரெஞ்சு நாட்டுத் துலூசு நகரில் முறைமன்றப் பதவி வகித்தவர் பெர்மா. ஓய்வுப் பொழுதை எண்ணாராய்ச்சியிற் கழித்து இன்புற்றவர் அவர். 2-ஐ அதனாலேயே பெருக்க 4 வரும். 4-ஐ அவ்வாறு பெருக்க 16 வரும். பின்னர் 256, 65,536 என்பன வரும். இவற்றோடு ஒவ்வொன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கும். இவ்வைந்தும் பகா எண்களே. எனவே, இவ்வரிசையில் மேல்வருவன யாவும் பகா எண்களாகவே இருத்தல் வேண்டும் என 1640-ஆம் ஆண்டில் அவர் கருதினார். அதனை மெய்ப்பிக்கும் வழி தமக்குப் புலப்படவில்லை என்பதையும் அப்பொழுது மறையாது உரைத்தார்.

இவ்வரிசையின் ஆறாம் எண்ணே நாம் மேலே கூறியது. அதனைச் சோதிக்க, 65,536-க்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தல் போதும். ஆனால் அவை 6,542 உள! பெர்மாவின் கூற்று தொண்ணூறு ஆண்டுகள் மறுப்பாரின்றி நின்றது.

1729-ஆம் ஆண்டில் கோல்டுபாக்கு என்னும் அறிஞர், இக்கூற்றினை ஆய்லருக்குக் கடிதத்தில் எழுதி, அவர் கருத்தை வினவினார். ஆய்லர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கு நகரில் பணியாற்றிய இளைஞர். எண்ணற்ற வகுத்தல்களில் உழலாமல், அவர் ஒரு குறுக்குவழி கண்டார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் 1 மீதி வருதல் வேண்டும் என்பதே அது. அத்தகைய பகா எண்கள் முறையே 193, 257, 449, 577, 641 ஆகும். முதல் நான்கும் வகுக்கவில்லை. ஐந்தாவது மீதியின்றி வகுத்தது! 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் அவ்வெண்ணே வரும் என 1732-ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், ஆய்லர் காட்டினார். பெர்மாவின் கருத்து வீழ்ந்தது. அவ்வரிசையில் முதல் ஐந்தன்றி வேறொரு பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

மாணவர்களே! இதனால் பெர்மாவின் பெருமை குன்றிவிடவில்லை. அவர் கண்ட பிற உண்மைகள் பல இன்றும் நிலைபெற்றுள்ளன. பெரியோரைப் போற்றுதல் வேறு. அவர் கூற்றை ஆராயாது ஏற்றல் வேறு. ஐந்து முறை மெய்யாயிற்று என்பதனால் ஆறாம் முறையும் மெய்யாகும் என்று துணிதல் கூடாது. இப்பாடம் கூறுவதையும் அவ்வாறே ஏற்றுவிடாதீர்கள். 67,00,417-ஐ 600-ஆலும் 41-ஆலும் தனித்தனியே பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். சில நிமிடங்களில் உண்மை உங்கள் கையாலேயே விளங்கும்.

பயிற்சி
1. பகா எண், பகு எண் ஆகியவற்றின் வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. ஆய்லர் கண்ட வழி அவரது உழைப்பை எவ்வாறு குறைத்தது?
3. பெர்மாவின் பிழையிலிருந்து நாம் அறியத்தக்கது யாது?