யென் எண்ணப் பழகுவோம்!

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், ஆனையூர்)



"வதாஷி வா இந்தோஜின் தெஸ்" என்று நாலு வாக்கியம் சொல்லத் தெரிந்தாலே ஜப்பானியம் வந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தியாவும் ஜப்பானும் 2017-ல் தொழிற்பயிற்சிக்கும், 2021-ல் திறன் வேலைகளுக்கும் ஒப்பந்தம் போட்ட பிறகு டிப்ளமோக்காரர்களின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் நகையை அடகு வைத்து வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று எங்கள் வீடு. அப்படிப் போய்ச் சம்பாதிக்கிற பணத்தை எண்ணவும், போடவும், ஊருக்கு அனுப்பவும் தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்? எனவே அந்தப் பாடத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எண். நூறு 'ஹ்யாக்கு', ஆயிரம் 'சென்', பத்தாயிரம் 'மன்'. இந்த 'மன்'தான் நம்மைத் திணறடிப்பது. நமக்கு லட்சம், கோடி என்று படி ஏறும்; அவர்களுக்குப் பத்தாயிரம்தான் படி. ஒரு லட்சம் என்றால் 'ஜூ மன்', அதாவது பத்து பத்தாயிரம். பத்து லட்சம் 'ஹ்யாக்கு மன்'. ஒரு கோடி 'சென் மன்'. நான் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. தொகையின் கடைசி நாலு இலக்கத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள், மிச்சம்தான் 'மன்'. 1,80,000-ல் நாலு சைபரை மறைத்தால் 18, ஆகவே 'ஜூஹாச்சி மன்'. பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளில் உள்ள போன் நம்பரை எல்லாம் இப்படிப் படித்துப் பழகலாம், காசு செலவில்லை!

நாணயத்தில் நம்ம டிபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது. 1 யென் சுத்த அலுமினியம். எடை சரியாக 1 கிராம், விட்டம் 20 மில்லிமீட்டர். 5 யென் பித்தளை, நடுவில் ஓட்டை, அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு கியர் சக்கரம்! கூடவே நெற்கதிரும் தண்ணீரும். ஆனால் உஷார்: அந்தக் காசில் '5' என்ற எண்ணே கிடையாது, சித்திர எழுத்தில்தான் மதிப்பு இருக்கும். நோட்டுகள் 2024 ஜூலையில் மாறின. புதிய 10,000 யென்னில் இருப்பவர் ஷிபுசாவா எய்ச்சி, ஜப்பானின் முதல் நவீன வங்கியை உருவாக்கியவர்.

இனி வங்கி. வங்கி 'கின்கோ', கணக்கு 'கோஸா', பாஸ்புக் 'ட்சூச்சோ'. "கின்கோ நி இகிமாஸ்" என்றால் வங்கிக்குப் போகிறேன். 'நி' நம்ம 'க்கு', வினை கடைசியில். இங்கிலீஷ் மாதிரி தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. தமிழன் இதில் பாதி பாஸ். ஏ.டி.எம். பொத்தானில் 'ஹிகிதாஷி' என்றால் எடுப்பது, 'அஸுகேயிரே' போடுவது, 'ஸாந்தாக்கா' இருப்பு, 'ஃபுரிகோமி' இன்னொருவர் கணக்குக்கு அனுப்புவது. 'தெசூர்யோ' என்று வந்தால் கட்டணம் பிடிக்கப்போகிறான் என்று அர்த்தம். ராத்திரியிலும் லீவு நாளிலும் அது கூடும்.

பெயரில் ஒரு வில்லங்கம். அவர்கள் எழுத்தில் 'ல' கிடையாது, 'ர'தான். பாலமுருகன் பராமுருகன் ஆகிவிடுவார். சிரிக்காதீர்கள். கணக்கில் எழுதிய எழுத்தும் கம்பெனியில் கொடுத்த எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் சம்பளம் திரும்பிப் போய்விடும். கணக்கு ஆரம்பித்த அன்றே அந்த எழுத்தை அப்படியே காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டில் 'ஷிக்யூ' வரவு, 'கோஜோ' பிடித்தம், கைக்கு வருவது 'தெதோரி'. ஏஜெண்டு சொல்கிற தொகை எது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது 'தெதோரி' அல்ல. பிடித்தத்தில் பெரியது 'கோசே நென்கின்' என்ற பென்ஷன்: நம் பங்கு 9.15 சதவீதம். வீட்டுக் கடனை அடைக்கக் கணக்குப் போடும்போது இதைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும். எங்க அப்பாவிடம் இதை விளக்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆச்சு. செலவை எழுத 'ககேய்போ' என்ற நோட்டு அங்கே வழக்கம். 1904-ல் ஹானி மோதோக்கோ என்ற பெண் பத்திரிகையாளர் அச்சடித்துக் கொண்டுவந்தது. நம்ம பாட்டிகளின் பால் கணக்கு நோட்டுக்கு அக்கா முறை.

ஊருக்குத் திரும்பிய சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னது இது. கிளம்புகிற வாரம், "பாஸ்புக்கையும் கார்டையும் கொடுத்துட்டுப் போ, காசு தர்றேன்" என்று ஒருவன் வந்தானாம். அண்ணன் மறுத்துவிட்டார். கணக்கை விற்பது அங்கே சட்டப்படி குற்றம். மோசடிப் பணம் அதில் புரளும், பெயர் நம்முடையதாக இருக்கும். உண்டியல் வழியாகப் பணம் அனுப்புவதும் அப்படித்தான், அதற்கு அங்கே பெயர் 'சிகா கின்கோ', பாதாள வங்கி.

கிளம்பும்போது சொல்ல வேண்டியது: "கோஸா ஓ காய்யாக்கு ஷிதாய் தெஸ்", கணக்கை முடிக்க விரும்புகிறேன். பென்ஷனில் 6 மாதத்துக்கு மேல் கட்டியிருந்தால், நாடு திரும்பிய 2 வருஷத்துக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம், வரியாக 20.42 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் 2016 அக்டோபர் முதல் இரு நாட்டுப் பென்ஷன் காலத்தையும் கூட்டிக்கொள்ள ஒப்பந்தம் இருக்கிறது. பணத்தை வாங்கிவிட்டால் அந்தக் காலம் கூட்டலில் சேராது. திரும்ப அங்கே போகிற எண்ணமுள்ளவர்கள் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.