படகில் எரிவாயு: கமக்காரரும் அறிய வேண்டிய பாடம்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாட் படகுகள் ஆழ்கடலுக்குச் செல்கின்றன. கமக்காரர் விளைவித்த அரிசியும் மரக்கறியும் இத்தகைய படகுகளில் எரிவாயு அடுப்பிலே சமைக்கப்படுவதுண்டு. அதே அடுப்பு இன்று கமக்காரரின் அடுக்களையிலும் உள்ளது. ஆதலின் படகு கற்பிக்கும் பாடம் இருவர்க்கும் பொதுவானது.

வாயுவின் இயல்பு

சமையல் எரிவாயு புறொப்பேன், பியூற்றேன் ஆகியவற்றின் கலவையாகும். புறொப்பேன் வளியைவிட ஏறக்குறைய 1½ மடங்கும், பியூற்றேன் 2 மடங்கும் பாரமானவை. எனவே கசியும் வாயு புகைபோல மேலெழாது. வயலிற் பாய்ச்சிய நீரைப் போலப் பள்ளத்தை நாடும். வீட்டிலே அது கதவின் கீழ் இடைவெளியால் ஓரளவு வெளியேறலாம். படகின் அடிப்பாகமோ நீர் புகாதவாறு அடைக்கப்பட்டது. அங்கு இறங்கிய வாயுவுக்கு வெளியேற வழியில்லை. வளியில் நூற்றுக்கு 2 பங்களவு கலந்தாலே அது தீப்பற்றக்கூடும். இயந்திரத்தை இயக்கும்போது எழும் சிறு பொறியே அதற்குப் போதும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. சிலிண்டரை மேற்றளத்திலே, காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி அசையாது கட்டுக. பெட்டியில் வைப்பதாயின், அதன் அடியில் படகுக்கு வெளியே திறக்கும் துளை இருத்தல் வேண்டும்.

2. சமையல் முடிந்ததும் அடுப்பை மட்டுமன்றிச் சிலிண்டரின் வால்வையும் மூடுக.

3. இறப்பர்க் குழாயில் வெடிப்போ உராய்வோ காணப்படின் உடனே மாற்றுக.

4. இணைப்புகளிற் சவர்க்கார நீரைப் பூசுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. நெருப்புக் கொண்டு ஒருபோதும் சோதித்தலாகாது.

5. வாயு மணத்தால் வால்வை மூடி, தீயை அணைத்து, மூடிகளைத் திறந்துவிடுக. மின் ஆளிகளையோ இயந்திரத்தையோ தொடாதிருக்க. மீன்வாடை வாயுவின் மணத்தை மறைக்கக்கூடும். மூக்கை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

நிலத்திலும் இதுவே விதி

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றை ஆராயச் சனாதிபதியாற் குழுவொன்றும் நியமிக்கப்பட்டது. வெள்ளவத்தை மாடிவீடாயினும் தோட்டத்துக் குடிசையாயினும், உயரத்திலுள்ள சாளரம் மட்டும் போதாது. தரையோடு ஒட்டிய காற்றுவழியும் வேண்டும். விதைநெல் அறையிலும், நீரிறைக்கும் இயந்திரம் வைத்த குழியிலும் சிலிண்டரை வைத்தலாகாது. நீர் தேங்கும் பள்ளத்தைக் கமக்காரர் நன்கறிவர். வாயு தேங்கும் பள்ளமும் அதுவே.