வலுசர்ப்பமும் வாலிபரும்

நூல்நிலையத்தில் ஒருநாள், நீல நிற டிராகனின் முகம் தீட்டிய மேலட்டையையுடைய தடித்த ஆங்கில நாவலொன்றைக் கையிலேந்தி நின்றேன். அதனைக் கண்ட நண்பர் ஒருவர், “பத்தொன்பது வயதில் வாசிக்கத் தக்கதோ இது? பிள்ளைகள் கதையன்றோ!” என்று நகைத்தார். அன்று யான் வாளா இருந்துவிட்டேன். இன்று இவ்வேட்டின் வாயிலாக அவர்க்கு விடை கூறத் துணிகின்றேன். டிராகனோடு நட்புப் பூணும் இளைஞரைப் பற்றிய கதைகள் வெறும் பொழுதுபோக்கோ, அன்றி வாலிபர் உளங்கொள்ளத் தக்க பொருள் அவற்றுள் உண்டோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவாம். டிராகன் என்பது செதிலும் சிறகும் உடையதாய், அனல் கக்குவதாய் மேனாட்டார் புனைந்த பெரும் பாம்பு. வேதாகமத்தைத் தமிழாக்கியோர், வெளிப்படுத்தின விசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் இவ்வுயிரை ‘வலுசர்ப்பம்’ என வழங்கினர். ஆண்டு அது பகையின் வடிவம். யான் கூறப்போகும் கதைகளிலோ அது நட்பின் வடிவம். பொருள் இங்ஙனம் தலைகீழாயினும், வலிமையும் அச்சமும் ஒருங்கே தோன்றும் அச்சொல்லையே யானும் மேற்கொள்வேன்.

பகை நட்பான வரலாறு

பண்டை மேனாட்டுக் கதைகளில் வலுசர்ப்பம் கொல்லப்படுதற்கென்றே பிறந்தது எனலாம். பழைய ஆங்கிலக் காப்பியத்தின் தலைவனாகிய பேயோவுல்ஃப், தன் முதுமையில் ஒரு வலுசர்ப்பத்தோடு பொருது, அது வீழத் தானும் மாண்டான். ஐரோப்பாவின் வடபுலத்துக் கதையொன்றில் சிகுர்த் என்னும் வீரன், பாஃப்னிர் என்னும் வலுசர்ப்பத்தைக் கொன்று பெயர் பெற்றான். 1937-இல் வெளிவந்த டோல்கீனின் ‘தி ஹாபிட்’ என்னும் நூலிலும், பொற்குவியலின்மேற் கிடந்த ஸ்மாக் என்னும் வலுசர்ப்பம் இறுதியில் ஓர் அம்பினால் மாய்ந்தது. வீரன் ஒருவன் புகழ் பெறுதற்கு ஒரு வலுசர்ப்பத்தின் பிணம் வேண்டியதாயிற்று.

இந்நெறியினின்று விலகினாருள் ஒருவர் கென்னத் கிரஹாம் என்பார். 1898-இல் அவர் வெளியிட்ட கதையொன்றில், செய்யுள் புனைவதில் விருப்பமுடைய சோம்பலான வலுசர்ப்பம் ஒன்றோடு ஒரு சிறுவன் நட்புக் கொள்கிறான். அதனைக் கொல்ல வந்த புனித ஜார்ஜோடு பேசிப் பொய்ப்போர் ஒன்றிற்கு ஏற்பாடு செய்து, அதன் உயிரையும் காக்கிறான். நகைச்சுவைக் கதையே எனினும், பின்வந்த மாற்றத்தின் முளையை அதன்கண் காணலாம்.

அம்முளையை மரமாக்கியவர் ஆன் மெக்காஃப்ரி (1926–2011) என்னும் அமெரிக்க அம்மையார். 1967-இல் அவர் எழுதிய ‘வெயர் சர்ச்’ என்னும் கதைக்கு, 1968-இல் ஹ்யூகோ பரிசு வழங்கப்பெற்றது. புனைகதைக்காக அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர் படைத்த பெர்ன் என்னும் உலகில், உயிர்ப்பொருள் அனைத்தையும் அரித்துண்ணும் இழைகள் வானினின்று பொழிகின்றன. அவை தரையைத் தொடுமுன் விண்ணிலேயே எரித்து மக்களைக் காப்பவை, இளைஞரைத் தம் முதுகில் தாங்கிய வலுசர்ப்பங்களே. பழைய பகைவன் இங்கே காவலனாயினான். அறிவியற் புனைவாக எழுதப்பட்டதேனும், பின்வந்த மாயக் கதைகள் பலவற்றிற்கு இப்பெர்ன் கதை ஊற்றாயிற்று.

இவ்வழியில் வந்தவர் கிறிஸ்டோபர் பாவோலினி. 1983-இல் பிறந்த இவர், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் வீட்டிலிருந்தே கல்வி பயின்று, 15-ஆம் வயதில் ‘எரகன்’ என்னும் நாவலை எழுதத் தொடங்கினார். 2002-இல் குடும்பத்தாரே அதனை அச்சிட்டனர். 2003-இல் நாஃப் என்னும் பெரிய பதிப்பகத்தார் அதனை வெளியிட்டபோது ஆசிரியர்க்கு வயது 19. என் வயதினர் ஒருவர் எழுதியது என்பதே என்னை அந்நூலின்பால் முதலில் ஈர்த்தது. இவ்விருவர் கதைகளையும் கொண்டு, பெறுதல், பேணுதல், இழத்தல் என்னும் மூன்று நிலைகளில் இப்பொருளை நோக்குவாம்.

பெறுதல்

பெர்ன் உலகில், வெம்மணற் பரப்பில் முட்டைகள் கிடக்க, அவற்றைச் சூழ்ந்து இளைஞர் நிற்பர். முட்டையை உடைத்து வெளிப்படும் குஞ்சு, நிற்போருள் ஒருவரைத் தானே தெரிந்தெடுக்கும். அக்கணமே இருவர் உள்ளமும் ஒன்றாகும். வாய்ச்சொல்லின்றியே ஒருவர் எண்ணத்தை மற்றவர் அறிவர். தெரிந்தெடுக்கப்படாதோர் வெறுங்கையராய் மீள்வர். ஈண்டு நாம் கருதத் தக்கது ஒன்றுண்டு. தெரிந்தெடுப்பது வலுசர்ப்பம், மாந்தர் அங்கே விண்ணப்பதாரரே. வென்று கொள்ளும் உரிமையாக இப்பிணைப்பு யாண்டும் கூறப்படவில்லை.

எரகனின் வரலாறும் அத்தகையதே. கார்வஹால் என்னும் சிற்றூரில் மாமனோடு வாழும் 15 வயது உழவர் சிறுவன் அவன். மலைக்காட்டில் வேட்டை தப்பிய இரவில், மெருகிட்டாற்போன்ற நீலக்கல் ஒன்றைக் கண்டெடுக்கிறான். குளிர்காலத்திற்கு வேண்டிய இறைச்சிக்கு அதனை மாற்றிக்கொள்ள விரும்பிக் கசாப்புக் கடைக்குக் கொண்டுசெல்ல, கடைக்காரன் அதனை ஏற்க மறுக்கிறான். பின்னர் ஓரிரவில் அக்கல் விரிசல் கண்டு பிளக்க, உள்ளிருந்து நீலக் குஞ்சொன்று வெளிவருகின்றது. அதனைத் தொட்ட கை எரிந்து, உள்ளங்கையில் வெள்ளி போன்ற தழும்பு பதிகின்றது. இறைச்சி வாங்கக் கொண்டுசென்ற கல்லே, இறைச்சி கேட்கும் வாயாக மாறிற்று! வறிய வீட்டில் உண்பதற்கு ஓருயிர் கூடிற்று என்பதே அவன் பெற்ற முதற் பேறு.

பேணுதல்

பறத்தலும் போரும் இக்கதைகளின் மேற்பரப்பு. அவற்றின் அடித்தளமோ அன்றாடப் பணி. பெர்னில் குஞ்சினைப் பெற்ற சிறுவனின் முதல் வேலை, பசியால் அலறும் அதற்கு இறைச்சியை நறுக்கி ஊட்டுதல். அடுத்தது குளிப்பாட்டுதல். விரைந்து வளரும் அதன் தோல் வெடியாவண்ணம் நாள்தோறும் எண்ணெய் தேய்த்தலும் அவன் கடனே. தொழுவத்தில் கன்று வளர்த்தோர் இதன் அருமையை எளிதில் அறிவர்.

1976-இல் வெளிவந்த ‘டிராகன்சாங்’ என்னும் நாவலின் தலைவி மெனோலி, கடற்கரைக் குடியிருப்பில் வாழும் 15 வயதுப் பெண். பாடுதலும் பாட்டுக் கட்டுதலும் அவள் உயிர். ஆயினும் பெண் பாடுதல் குடிக்கு இழுக்கெனத் தந்தை தடுக்கிறார். மனம் வெதும்பி வீட்டைவிட்டு ஓடிய அவள் ஒரு குகையில் வாழ்கிறாள். அங்கே, வலுசர்ப்பங்களின் சிறிய உறவினமாகிய தீப்பல்லிகளின் முட்டைகள் பொரிகின்றன. வெளியே கொடிய இழைகள் பொழிகின்றன. பசித்த குஞ்சுகளோ வெளியே பாய முயல்கின்றன. வெளியேறின் அவை மாளும் என்றஞ்சி, தன்னிடமிருந்த உணவை ஊட்டி அவற்றை உள்ளே நிறுத்துகிறாள். அச்செயலாலேயே ஒன்பது தீப்பல்லிகள் அவளோடு பிணைப்புறுகின்றன. அவள் எதனையும் பெற விரும்பி ஊட்டவில்லை; காக்க விரும்பி ஊட்டினாள்; பிணைப்புத் தானே வந்தது.

எரகனும் தன் வலுசர்ப்பத்திற்கு சஃபிரா எனப் பெயரிட்டுக் காட்டில் மறைத்து வளர்க்கிறான். ஆயினும் உள்ளம் ஒன்றியதனால் துன்பம் ஒழிந்ததில்லை. அந்நியர் இருவர் ஊரில் புகுந்து அவனைத் தேடும்போது, சஃபிரா அச்சத்தால் அவனைச் சுமந்துகொண்டு பறந்துவிடுகின்றது. சேணமின்றிச் செதிலின்மேல் அமர்ந்த அவன் தொடைத்தோல் உரிந்து குருதி கொட்டுகின்றது. மீண்டு வருமுன் வீடு இடிந்து, மாமன் உயிர் போகும் நிலையில் கிடக்கிறார். நண்பனைக் காக்க எண்ணிச் செய்த செயலே அவன் குடும்பத்தைக் காவாதொழிந்தது. அன்பு இருந்தும் அறிவு முதிராவிடின் நேர்வது இதுவென ஆசிரியர் காட்டுகிறார்.

இழத்தல்

இம்மூன்றாம் நிலையே இக்கதைகளின் உயிர்நிலை என்பது என் துணிபு. பெர்னில் ஊர்பவர் இறந்தால், வலுசர்ப்பம் தானும் இறக்கும். வலுசர்ப்பம் இறந்தாலோ, ஊர்பவர் பாதி உயிரோடு எஞ்சி நிற்பர். 1971-இல் வந்த ‘டிராகன்குவெஸ்ட்’ நாவலில், பிரெக்கி என்னும் பெண் தன் வலுசர்ப்பத்தை இழந்து, பேச்சற்று, உணர்வற்றுக் கிடக்கும் பகுதியை வாசிப்போர் எளிதில் மறவார்.

எரகன் கதையில் இவ்விழப்பு இரு மாந்தரிடத்து இரு வேறு பயன் விளைக்கின்றது. ஒருவன் கால்படோரிக்ஸ். இளமையில், நண்பரோடு துணிவு மிகுந்து சென்ற பயணமொன்றில் தன் வலுசர்ப்பத்தைப் பறிகொடுத்தான். மற்றொன்று தருகவென மூத்தோரைக் கேட்டான், அவர்கள் மறுத்தனர். இழப்பு வெறுப்பாயிற்று, வெறுப்பு வெறியாயிற்று. பிறர்க்குரிய குஞ்சொன்றைக் கவர்ந்து, தீய மந்திரத்தால் தனக்கு அடிமையாக்கி, மூத்தோர் குழாத்தையே அழித்துக் கொடுங்கோல் மன்னனானான்.

மற்றவர் புரோம் என்னும் முதியவர். அவரும் தம் வலுசர்ப்பத்தைப் போரில் இழந்தவரே. அவரோ, எரகன் வாழும் சிற்றூரில் கதை சொல்லும் கிழவராய் மறைந்து வாழ்ந்தார். வலுசர்ப்பங்களின் பெயர்களைக் கூறுக எனச் சிறுவன் வினவ, பல பெயர்களை அடுக்கிச் சொன்ன அவர், இறுதியில் தாழ்ந்த குரலில் உரைத்த பெயர் சஃபிரா. அஃது அவர் இழந்த துணையின் பெயர் என்பது, எரகனை நோக்கி எறியப்பட்ட கத்தியைத் தம் உடலில் தாங்கி அவர் உயிர்விடும்போதே வெளிப்படுகின்றது. தமக்கு மீண்டும் வாராத ஒன்றைப் பிறனொருவன் பெறக் கண்டு பொறாமை கொள்ளாது, தம் துணையின் பெயரையும் ஈந்து, பறக்கும் வகையையும் கற்பித்தார் அவர்.

இழப்பு ஒன்றே, மாந்தர் இருவர். ஒருவன் இழந்ததற்கு ஈடாக உலகத்தைக் கேட்டான். மற்றவர் இழந்ததன் நினைவாக ஓர் இளைஞனை உருவாக்கினார். 2011-இல் வெளிவந்த ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்னும் நாவலில் அம்மன்னன் வீழும் வகையும் இதனோடு பொருந்துவதே. வாளினால் வெல்ல இயலாத அவனை, அவன் பிறர்க்கு இழைத்த துன்பம் அனைத்தையும் அவனே உணருமாறு எரகன் செய்கிறான். அவ்வுணர்ச்சியைத் தாங்கமாட்டாது அவன் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான். பிறிதோர் உயிரின் நோவைத் தன்னோவாக உணர்தலே பிணைப்பெனின், அதனை மறந்தவனுக்கு அதுவே முடிவாயிற்று.

குறையும் நிறையும்

நடுநிலையோடு ஆராய்வோர் குறைகளையும் மறைத்தல் கூடாது. உழவர் சிறுவன், கொலையுண்ட மாமன், மறைந்து வாழும் முதிய ஆசான், சிறைப்பட்ட அரசகுல மங்கை என்னும் எரகனின் கதையமைப்பு, 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தை நினைவூட்டுகின்றது என்பது பலர் கூறிய குற்றச்சாட்டு, அது பொய்யன்று. சிறுவயது ஆசிரியரிடத்துக் கடன் வாங்கிய பொருள் மிகுதல் இயல்பே.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்றுண்டு. பிணைப்பு நேர்ந்த கணமே முழு நட்புக் கைகூடிவிடுகின்றது. சொல்லாமலே தம்மை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஏக்கம் எம் வயதினர் அனைவர்க்கும் உண்டு. இக்கதைகள் அவ்வேக்கத்திற்கு இனிப்பூட்டுகின்றன. மெய்வாழ்வில் நட்பு அங்ஙனம் வருவதில்லை. சொல்லியும், தவறாகப் புரிந்துகொண்டும், பொறுத்தும், மீண்டும் சொல்லியுமே வளர்கின்றது. தாம் பிறரை அறிய முயலாது, தம்மைப் பிறர் அறியவில்லையென வருந்தும் மாணவர் இந்நாவல்களைத் தவறாக வாசித்தவரே ஆவர்.

இக்குறைக்கு மருந்துபோல்வது, கிரெசிடா கவல் என்னும் ஆங்கில அம்மையார் 2003-இல் வெளியிட்ட ‘ஹௌ டு டிரெய்ன் யுவர் டிராகன்’ என்னும் நகைச்சுவை நாவல். வலுசர்ப்பத்தைப் பழக்கும் வழி உரக்கக் கத்துதலே என்று அதில் வரும் பயிற்சி நூல் கூறுகின்றது. மெலிந்த சிறுவனாகிய ஹிக்கப்போ, கத்தாமல் அவற்றின் மொழியில் அவற்றோடு பேசுகிறான். மொழி பயிலும் மாணவனாகிய யான் அச்சிறுவனிடத்துப் பெரிதும் அன்புடையேன். பிறிதோர் உயிரின் மொழியைக் கற்க உழைப்பதும் நட்பின் ஒரு பகுதியன்றோ?

முடிவுரை

பதின்மூன்று வயதில் எரகன் கதையை முதன்முறை வாசித்தபோது, பறக்கும் பகுதிகளை மட்டும் மீண்டும் மீண்டும் படித்தேன். புரோம் பேசும் பகுதிகளைத் தாண்டிச் சென்றேன். இவ்வாண்டு வாசித்தபோதோ, பறக்கும் பகுதிகள் விரைவில் கழிந்தன. அம்முதியவர் தாழ்ந்த குரலில் அப்பெயரை உரைக்கும் இடத்தில் ஏட்டை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளா இருந்தேன். நூல் மாறவில்லை. நம்மைப் பழக்கிவிட்டோர் தம் இழப்புக்களை நமக்குக் காட்டாது மறைத்தே கற்பித்தனர் என்பதை, வீட்டை விட்டு விடுதியில் வாழும் இம்மூன்று ஆண்டுகளில் சிறிது அறியத் தொடங்கினேன், அவ்வளவே.

கதையின் முடிவில், எரகன் எஞ்சிய முட்டைகளைப் பேணவும் புதிய இளைஞரைப் பயிற்றவும் பிறந்த நாட்டையும் உற்றாரையும் பிரிந்து செல்கிறான். பெற்றவன் பேணினான், இழந்தான், பின் பிறர்க்கு ஈவோன் ஆயினான். பிள்ளைகள் கதையென நகைத்த நண்பர், விடுமுறையில் இந்நூலை ஒருமுறை வாசிப்பாராக. அவர்க்குத் தருவதற்கென்றே என் படியை வைத்திருக்கின்றேன். சிறியேன் உரையிற் குறை காண்போர் பொறுத்தருள்வாராக.