கோபுரம் பெரிதா, மலை பெரிதா?

அன்புள்ள மருமகளே,

நீ வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. தென்காசிக் கோபுரத்தைக் குற்றால மலையைவிட உயரமாகப் போட்டதற்கு வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாமே! சிரிக்கட்டும். சன்னதித் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் அது அப்படித்தான் தெரியும்.

காசி விசுவநாதர் கோயில் கோபுரம் ஏறத்தாழ 180 அடி. பின்னால் இருக்கும் மலைத்தொடரிலோ 5000 அடியை எட்டும் முடிகள் உண்டு. ஆனால் கண்ணுக்கு அடிக்கணக்கு தெரியாது, கோணம்தான் தெரியும். பொருளின் உச்சியிலிருந்து ஒரு கோடு, அடியிலிருந்து ஒரு கோடு, இரண்டும் உன் கண்ணில் வந்து சேர்வதாக நினைத்துக்கொள். நடுவில் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுதான் அந்தப் பொருளின் தோற்றம். 600 அடி தள்ளி நின்றால் கோபுரம் 17 டிகிரி விரியும். பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலைக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம்.

இதை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். கையை நேராக நீட்டு. சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 டிகிரி. ஒரு பொருள் தன் உயரத்தைப்போல் 57 மடங்கு தொலைவுக்குப் போய்விட்டால் அந்த 1 டிகிரிக்குள் அடங்கிவிடும். கோபுரத்துக்குக் கணக்குப் போட்டால் 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். தொலைவு இரட்டித்து 6 கிலோமீட்டரானால் தோற்றம் பாதியாகி அரை டிகிரி. முழுநிலாவும் வானில் அரை டிகிரிதான்! 3476 கிலோமீட்டர் குறுக்களவுள்ள நிலாவும் நம்மூர்க் கோபுரமும் கண்ணுக்கு ஒரே அளவாகும் இடம் குற்றாலத்துப் பக்கம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

தெருக்கோடியில் வருகிற ஆளை நாம் குள்ளன் என்று நினைப்பதில்லை. தொலைவைக் கணக்கில் சேர்த்து மூளை அளவைத் திருத்திக்கொள்கிறது. செல்போன் கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அதனால்தான் நேரில் மலைத்துப்போய்ப் பார்த்த மலை போட்டோவில் சின்னதாகக் கிடக்கிறது.

இந்தச் சூட்சுமம் கோபுரம் கட்டியவர்களுக்குக் கைவந்த கலை. ஒன்பது நிலைகளும் மேலே போகப் போகச் சிறுத்து வருவதைக் கவனி. தூரத்துப் பொருள் சிறுக்கும் என்று பழகிய கண், சிறுத்த மேல்நிலைகளை இன்னும் உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இத்தாலியில் ஆல்பர்ட்டி 1435-ல் ஓவியர்களுக்கு இந்தக் கணக்கை நூலாக எழுதினார். பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியதும் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான். (இப்போது நீ பார்க்கும் கோபுரம், பழையது சிதைந்தபின் மறுபடி எழுப்பி 1990-ல் குடமுழுக்கு கண்டது.) நம் கோயில் சுவரோவியர்களோ வேறு வழியில் போனார்கள். தூரத்தைப் பார்த்து அல்ல, தகுதியைப் பார்த்து அளவு கொடுத்தார்கள். சாமி பெரிது, பக்தன் சிறிது. குற்றாலம் சித்திர சபைக்குப் போனால் சுவர்களை இந்த எண்ணத்தோடு பார்.

அளவு மட்டுமல்ல, நிறமும் மாறும். நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. காற்று எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நீலம், அவ்வளவு வெளிறல். சாரல் ஓய்ந்து தூசி அடங்கிய காலையில் மலை பக்கத்தில் வந்து நிற்பதாகத் தோன்றுவது இதனால்தான். வேகமும் தப்பாது. பேரருவியின் அடியில் தலையை இடிக்கிற தண்ணீர், எட்டி நின்றால் அசையாத வெள்ளைக் கோடு. விழும் வேகம் அதேதான். தொலைவில் அது நொடிக்கு நொடி கடக்கும் கோணம் மிகச் சிறியது, அவ்வளவே.

அடுத்த முறை குற்றாலம் பஸ்ஸில் ஏறும் முன் கோபுரத்தைச் சுண்டுவிரலால் அளந்து, எத்தனை விரல் என்று எழுது. விரலின் அகலத்தையும் கண்ணிலிருந்து அதன் தூரத்தையும் ஸ்கேலால் அளந்து சேர்த்து அனுப்பு. உன் விரல் ஒல்லி, கையும் குட்டை. அதனால் என் கணக்குக்கும் உன் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வராது.

அன்புடன்,
மாமா